தலைப்பு வைக்காத கைப்பிரதி: சாட்ஸ்வொர்த் ஆயாவின் கதை எப்படி இருக்கிறது?

சிவப்பு மை (இழையைத் தொடங்கியவர்)

நாவலின் கைப்பிரதி எல்லோர் கைக்கும் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. "நல்லா இருக்கு", "கண் கலங்கிருச்சு" என்று தனித்தனியாகச் சொன்னது போதும். எழுதியவரே கேட்டிருக்கிறார், எங்கே இடிக்கிறது என்று இங்கே எழுதுங்கள்.

இன்னும் படிக்காதவர்களுக்குக் கதை இவ்வளவுதான். 1995. தென்னாப்பிரிக்காவில் டர்பன். மேகசின் பேரக்ஸ் தொழிலாளர் குடியிருப்பிலிருந்து சாட்ஸ்வொர்த் இந்தியர் பகுதிக்கு முன்பே அனுப்பப்பட்ட குடும்பம். தாத்தா இறந்துபோகிறார். 33 வருஷம் அவரோடு குடித்தனம் செய்த ஆயா (பாட்டி), மூத்த மகன், மகள், இளைய மகன், மூத்த மருமகள், பேரன், பேத்தி. வீடு யாருக்கு என்ற சண்டையில் குடும்பம் உடைகிறது, ஆடிக் கூழில் ஒட்டுகிறது. 22 அத்தியாயம்.

என் கருத்தை முதலில் வைத்துவிடுகிறேன். 2ஆம் அத்தியாயத்தில் ஆயா இரண்டு கோப்பையில் தேநீர் ஊற்றிவிட்டு, ஒன்றைத் திரும்பக் கெண்டியில் கொட்டுகிறாள். இதை எடுத்துவிடலாம். கணவன் செத்த கதை என்றாலே இந்த இரண்டாவது கோப்பை வந்துவிடுகிறது. அதே அத்தியாயத்தின் கடைசியில் கீசர் சுவிட்ச் வருகிறது பாருங்கள், அது போதும். தினமும் விடியுமுன் எழுந்து சுவிட்ச் போட்டவர் தாத்தா. அவர் போன மூன்றாம் நாள் வீடே பச்சைத் தண்ணீரில் குளிக்கிறது, யாருக்கும் காரணம் புரியவில்லை. அந்த இடம் ஒன்றே 2ஆம் அத்தியாயத்தைத் தூக்கிப் பிடிக்கும்.

உம்கேனிக் கரை

கீசர் இடம் எனக்கும் பிடித்தது, ஆனால் கணக்கு உதைக்கிறது. ஆயா சுவிட்சைப் போட்டு "அரை மணியில்" ஆறு பேருக்கும் வெந்நீர் வந்துவிடுகிறது. 150 லிட்டர் கீசர், 3 கிலோவாட் கம்பி என்று வைத்துக்கொண்டால் அரை மணியில் தண்ணீர் ஒன்பது டிகிரிகூட ஏறாது. 20 டிகிரியிலிருந்து 60க்குப் போக இரண்டே கால் மணி நேரத்துக்குமேல் பிடிக்கும். தாத்தா நாலு மணிக்கே எழுந்ததற்குக் காரணமே அதுதானே? ஆறரை மணிக்குப் பள்ளிக்கூடம் கிளம்பும் பிள்ளைகளுக்காக. ஆயா அன்று ஆறு மணிக்குச் சுவிட்சைப் போட்டு, ஏமாந்து, "இவர் எத்தனை மணிக்கு எழுந்தார்?" என்று முதன்முறையாக யோசிக்கட்டும். தப்பைத் திருத்தினால் காட்சியே ஒரு படி ஏறும்.

வெஸ்ட்கிளிஃப் வாசகி

அண்ணா, கீசருக்கு மட்டும் கணக்குப் போட்டுவிட்டு உங்கள் பெயரில் இருக்கும் ஆற்றை விட்டுவிட்டீர்களே! 5ஆம் அத்தியாயத்தில் சாம்பல் கரைக்கிறார்கள், உம்கேனி முகத்துவாரத்தில், காலை ஆறு மணி, பௌர்ணமிக்கு மறுநாள். அந்த நேரத்தில் கடல் ஏறினால் கரைத்ததெல்லாம் ஆற்றுக்குள் திரும்பி வந்துவிடுமே?

உம்கேனிக் கரை

அது சரியாகவே இருக்கிறது. டர்பனில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி உயர்நீர் விடியற்காலை மூன்றரை, நாலு மணிவாக்கில் வரும். தாழ்நீர் பத்து மணிவாக்கில். ஆறு மணிக்குத் தண்ணீர் கடல் பக்கமாக இழுத்துக்கொண்டிருக்கும். அதுவும் பெருவற்றம், இழுப்பு பலமாக இருக்கும். எழுதியவர் விசாரித்துத்தான் எழுதியிருக்கிறார். ஒன்று மட்டும்: இளைய மகன் மணல்திட்டில் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறான். வற்றம் இழுக்கும்போது முகத்துவாரத்தில் அப்படி நிற்கக் கூடாது, காலடி மணலே அரித்துப் போகும். முழங்காலோடு நிறுத்துங்கள்.

அதே குடும்பத்துக்கு அரைத் தேய்பிறையில் ஒரு சாவு வந்தால் கணக்கு தலைகீழ். அன்று ஆறு மணிக்குக் கடல் ஏறிக்கொண்டிருக்கும். இரண்டாம் பதிப்பில் யாராவது "பௌர்ணமி எதற்கு" என்று வெட்டிவிடப் போகிறார்கள், ஜாக்கிரதை.

கற்பூரத் தட்டு

6ஆம் அத்தியாயம், கருமாதி. தாத்தா இறந்தது செவ்வாய் இரவு. பதினாறாம் நாள் "ஞாயிற்றுக்கிழமை" என்று இருக்கிறது. இறந்த நாளையே முதல் நாளாக எண்ணுவதுதான் வழக்கம். செவ்வாய் ஒன்று, அடுத்த செவ்வாய் எட்டு, அதற்கடுத்தது பதினைந்து. ஆக, பதினாறு புதன்கிழமை. வேலைக்குப் போகிறவர்களுக்காக வார இறுதிக்குத் தள்ளிவைப்பதும் இங்கே நடக்கிறதுதான். அப்படித் தள்ளினால் தள்ளியதாக ஒரு வரி வேண்டும், யார் தள்ளச் சொன்னது என்பதும் வேண்டும். மூத்த மகன்தான் தள்ளச் சொன்னான் என்று வைத்தால் அவன் குணம் அங்கேயே தெரிந்துவிடும். ஆயாவிடம் யாரும் கேட்கவில்லை என்பதும் தெரிந்துவிடும்.

தாலி கழற்றும் இடம் நன்றாக வந்திருக்கிறது. கிண்ணத்தில் பால், மூத்த விதவை ஒருத்தி, கதவு சாத்திய அறை. வளையல் உடைக்கிற சத்தத்தை எழுதாமல், மறுநாள் மருமகள் தரை கூட்டும்போது முறத்தில் ஒரு பச்சைச் சில்லு கிடப்பதை மட்டும் எழுதியது அழகு.

ஆனால் 20ஆம் அத்தியாயத்தில் பேத்தி வந்து ஆயா நெற்றியில் பொட்டு வைத்துவிடுகிறாள், எல்லோரும் அழுகிறார்கள். எனக்கு ஒட்டவில்லை. ஒரு பெண்ணின் நெற்றியிலிருந்து பொட்டை எடுத்ததும் அடுத்தவர், திரும்ப வைப்பதும் அடுத்தவரா? ஆயா தானே வைத்துக்கொண்டு ரொட்டி வாங்கக் கடைக்குப் போகட்டும். வழியில் யார் பார்த்தார்கள், யார் பார்க்காதமாதிரி போனார்கள் என்று எழுதினால் போதும்.

வெஸ்ட்கிளிஃப் வாசகி

கற்பூரத் தட்டு ஐயாவோடு பாதி ஒத்துப்போகிறேன். தானே வைப்பது சரி. ஆனால் 20ஆம் அத்தியாயம்வரை ஏன் இழுக்க வேண்டும்? 53 வயதுப் பெண், மூன்று பிள்ளை பெற்றவள், 1995இல். எத்தனையோ பேர் கருமாதி முடிந்த கையோடு கறுப்புப் பொட்டோ விபூதியோ வைத்துக்கொண்டு வெளியே போனார்கள். முழுவதும் வெறும் நெற்றியா, முழுச் சிவப்பா என்ற இரண்டே நிலைதான் கைப்பிரதியில் இருக்கிறது. நடுவில் இருப்பதுதான் வாழ்க்கை.

பதிவேடு

எல்லோரும் நெற்றியைப் பார்க்கிறீர்கள். நான் வீட்டைப் பார்க்கிறேன். நாவலின் முதுகெலும்பே வீடுதான், அதில்தான் பெரிய ஓட்டை.

11ஆம் அத்தியாயத்தில் "சட்டப்படி வீடு மனைவிக்குத்தான்" என்று ஒரு குமாஸ்தா சொல்லி அனுப்பிவிடுகிறார். எந்தச் சட்டப்படி? கல்யாணம் 1962இல் கோயிலில் நடந்தது, ஐயர் மந்திரம் சொன்னார், அவ்வளவுதான் என்று 3ஆம் அத்தியாயத்திலேயே எழுதிவிட்டீர்கள். பதிவுக் கையெழுத்து பற்றிப் பேச்சே இல்லை. திருமணம் நடத்தி வைத்தவர் 1961ஆம் வருஷத் திருமணச் சட்டப்படி நியமனம் பெற்ற திருமண அதிகாரியாக இருந்து பதிவேட்டில் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் தம்பதி பிறகாவது போய்ப் பதிந்திருக்க வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் 1995 நடைமுறையில் ஆயா "மனைவி" கிடையாது. உயில் இல்லாமல் இறந்தவரின் சொத்தில் அவளுக்குச் சல்லிக்காசு வராது. பிள்ளைகளுக்கு மட்டும் வரும், ஏனென்றால் பிள்ளைகளின் வாரிசுரிமைக்குப் பெற்றோர் கல்யாணம் தடையில்லை என்று 1987 வாரிசுச் சட்டத்திலேயே இருக்கிறது.

வித்தியாசத்தை எண்ணில் பாருங்கள். வீடு 90,000 ராண்ட் என்று வைத்துக்கொள்வோம், வேறு சொத்து இல்லை.

கல்யாணம் பதிவானது என்றால்: கல்யாணத்துக்கு முன் சொத்து ஒப்பந்தம் எதுவும் எழுதாததால் சொத்து இருவருக்கும் பொது. பாதி, 45,000, ஏற்கெனவே ஆயாவுடையது. மீதிப் பாதிதான் தாத்தாவின் சொத்து. அதில் மனைவிக்கு ஒரு பிள்ளைப் பங்கு அல்லது அரசு நிர்ணயித்த தொகை, எது அதிகமோ அது. பிள்ளைப் பங்கு நாலில் ஒன்று, 11,250. அன்றைய நிர்ணயத் தொகை 125,000. ஆக மீதி 45,000மும் அவளுக்கே. சண்டைக்கே இடமில்லை.

பதிவாகவில்லை என்றால்: மூன்று பிள்ளைகளுக்கு ஆளுக்கு 30,000. ஆயாவுக்குப் பூஜ்யம். உயிரோடிருக்கும் துணைக்கான 1990 ஜீவனாம்சச் சட்டமும் அன்று அவளுக்கு உதவாது.

ஒரே ஒரு கையெழுத்து. நீங்கள் எழுதியிருக்கும் குமாஸ்தா அந்தக் கையெழுத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை!

இளைய வாசகன்

ஆனால் கோர்ட் தீர்ப்பு வந்ததே, இந்து முறைக் கல்யாணத்தில் மனைவிக்கும் பங்கு உண்டு என்று?

பதிவேடு

வந்தது, தம்பி. 2008இல், டர்பன் உயர் நீதிமன்றத்தில். ஒருதாரமாக இந்து முறைப்படி மணந்த மனைவியும் வாரிசுச் சட்டத்தில் சொல்லும் துணைதான் என்று. கதை நடப்பது 1995இல். பதிமூணு வருஷம் முந்தி ஒரு குமாஸ்தா அதைச் சொல்ல முடியாது. நிர்ணயத் தொகையும் இப்போது 250,000, அது 2014இல் ஏறியது. சிலர் இன்றைய தொகையைப் பழைய கதையில் போட்டுவிடுகிறார்கள், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இது இந்த நாட்டுத் தமிழர்களுக்குப் பழைய புண். 1913 மார்ச்சில் கேப் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சர்ல் கொடுத்த தீர்ப்பால்தான் நம் பெண்கள் சட்டத்தின் கண்ணில் மனைவி இல்லை என்று ஆனது, அதற்குப் பிறகுதான் பெண்களே போராட்டத்தில் இறங்கினார்கள். சிறையிலிருந்து நோயோடு வெளியே வந்து 1914 பிப்ரவரியில் உயிர்விட்ட வள்ளியம்மைக்கு வயது பதினாறு. அந்த வருஷம் வந்த நிவாரணச் சட்டம் நம் பூசாரிகளைத் திருமண அதிகாரியாக நியமிக்க வழி செய்தது. வழி இருந்தது, எல்லோரும் அதில் நடக்கவில்லை. இதையெல்லாம் நாவலில் பாடமாக எழுதச் சொல்லவில்லை. ஆயா வீட்டுச் சுவரில் வள்ளியம்மை படம் ஒன்று தொங்கினாலே போதும்.

சிவப்பு மை

பதிவேடு அண்ணா சொல்வதைக் கேட்டால் சுலபமான வழி, 3ஆம் அத்தியாயத்தில் ஒரு கையெழுத்தைப் போட்டுவிடுவது. ஆனால் கதை செத்துப்போகும். சண்டையே வராது.

பதிவேடு

கையெழுத்தைப் போட வேண்டாம். 13ஆம் அத்தியாயத்தில் பிஸ்கட் டின்னிலிருந்து உயில் வருகிறதே, அதை ஒழுங்காகப் பயன்படுத்தினால் போதும். இப்போது அந்த உயில் வெறும் கண்ணீர்க் கடிதமாக இருக்கிறது. "வீடு மூத்தவனுக்கு, அவன் அம்மா சாகிறவரை இங்கேயே இருக்கட்டும்" என்று எழுதியிருக்கிறது. தாத்தாவுக்கு ஆங்கிலம் எழுத வராது, அதனால் மூத்த மகன்தான் சொல்லச் சொல்ல எழுதினான். தாத்தா தமிழில் கையெழுத்துப் போட்டார். பக்கத்து வீட்டார் இருவர் சாட்சி. சரிதானே?

1953 உயில் சட்டப்படி இது செல்லும். கையெழுத்து எந்த எழுத்திலும் இருக்கலாம். ஒவ்வொரு பக்கத்திலும் தாத்தா கையெழுத்து வேண்டும், 14 வயது நிரம்பிய இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் கூட இருக்க வேண்டும். (கைநாட்டு வைத்திருந்தால் கதை வேறு, உறுதிமொழி ஆணையரின் சான்றும் வேண்டியிருக்கும். கையெழுத்தே இருக்கட்டும்.)

இப்போதுதான் வேடிக்கை. உயிலைத் தன் கையால் எழுதியவனுக்கு அந்த உயிலின் மூலம் எதுவும் கிடைக்காது என்பது சட்டம். அவன் மனைவிக்கும் கிடைக்காது. சாட்சிக் கையெழுத்துப் போட்டவருக்கும் அதே கதிதான். விலக்கு இரண்டு: ஏமாற்றவில்லை, வற்புறுத்தவில்லை என்று நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கலாம். அல்லது உயிலே இல்லாவிட்டால் அவனுக்கு என்ன கிடைத்திருக்குமோ அந்த அளவுவரை வாங்கலாம். அதாவது 30,000. முழு வீட்டுக்கு ஆசைப்பட்ட மூத்தவன், தன் கையெழுத்தாலேயே மூன்றில் ஒரு பங்குக்கு இறங்குகிறான்.

ஆனால் அடுத்த வரி அப்படியே நிற்கும். ஆயா உயிலை எழுதவும் இல்லை, சாட்சியும் இல்லை. உயிலின் மூலம் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம், அதற்கு அவள் சட்டப்படி மனைவியாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. சாகும்வரை அந்த வீட்டில் இருக்கும் உரிமை அவளுக்கு வந்துவிடுகிறது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திரப் பதிவகத்தில் வீட்டுப் பத்திரத்தின்மேல் அதைப் பதிந்துவிட்டால், பிள்ளைகள் மூவரும் சேர்ந்து விற்றாலும் வாங்கியவன் அவளை வெளியேற்ற முடியாது.

அடுப்படி

அட! சட்டம் மனைவி இல்லை என்று சொன்னவளை, மகன் கையால் எழுதிய வரி காப்பாற்றுகிறது. அவனுக்கே தெரியாமல். 17ஆம் அத்தியாயத்தில் மகனும் அம்மாவும் சமாதானமாகும் இடம் எனக்கு ஏன் வெல்லப்பாகாக இனித்தது என்று இப்போதுதான் பிடிபடுகிறது. அவன் மன்னிப்புக் கேட்கிறான், அவள் மன்னித்துவிடுகிறாள், ஆனால் நடுவில் எதுவுமே மாறவில்லை. இப்போது அவனுக்கு இழப்பு இருக்கிறது. மூத்தவன் அந்தக் காகிதத்தைக் கிழித்துப்போட்டிருக்கலாம், டின்னைத் திறந்தது அவன்தானே. கிழிக்காமல் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தான் என்றால் மன்னிப்பு என்ற சொல்லே தேவையில்லை.

சிவப்பு மை

அதற்கு, கிழித்தால் தனக்கு என்ன லாபம், வைத்தால் என்ன நஷ்டம் என்று அவனுக்கு முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். கிழித்தாலும் 30,000, வைத்தாலும் 30,000, ஆனால் வைத்தால் அம்மா இருக்கும்வரை விற்றுக் காசாக்க முடியாது. 15ஆம் அத்தியாயத்தில் வக்கீல் வாயால் இதைச் சொல்லிவிடுங்கள், ஒரு பக்கத்துக்குமேல் போகாமல்.

கைப்பிரதிக்காரர்

எல்லாருக்கும் நன்றி. பதிவேடு அண்ணா சொன்னது தலையில் அடித்தமாதிரி இருக்கிறது. 11, 13, 15, 17 நான்கையும் மறுபடி எழுதுகிறேன். ஒரு சந்தேகம்: பதிவுக் கையெழுத்து ஏன் போடவில்லை என்பதற்குக் காரணம் வேண்டாமா? தாத்தா கெட்டவர் இல்லையே.

பதிவேடு

கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. "சாமி முன்னால் கட்டினேன், வெள்ளைக்காரன் புத்தகத்தில் எதற்கு?" என்ற ஒரு வாக்கியம் போதும். அந்தத் தலைமுறையின் வீம்பு அது, பாதி நியாயமும்கூட. 3ஆம் அத்தியாயத்தில் அதைப் பெருமையாகச் சொல்ல வையுங்கள். 11இல் அது திரும்பி வந்து கடிக்கும்.

இளைய வாசகன்

பேரன் பேச்சைப் பற்றி ஒன்று. 16 வயது, 1995, சாட்ஸ்வொர்த். "பாட்டி, உங்கள் மனவேதனை எனக்குப் புரிகிறது" என்கிறான். முதலில், பாட்டி இல்லை, ஆயா. கதை சொல்பவர் ஆயா என்கிறார், பேரன் பாட்டி என்கிறான், யாரோ சென்னையிலிருந்து வந்த பையன்மாதிரி இருக்கிறது. இரண்டாவது, அந்த வயசுப் பையன் வீட்டில் ஆங்கிலம்தான் பேசுவான். அவன் ஆங்கிலத்தை வெற்றுத் தமிழில், சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுங்கள். தமிழாகவே அவன் வாயிலிருந்து வருவது ஆயா, தாத்தா, சோறு, பருப்பு, இந்தமாதிரி சொற்கள் மட்டும் இருக்கட்டும். அப்போது 19ஆம் அத்தியாயத்தில் அவன் முதன்முறையாக ஒரு முழுத் தமிழ் வாக்கியம் பேசும்போது, அது தப்பும் தவறுமாக இருந்தாலும், விளக்கம் வேண்டியிருக்காது.

ஆயா பேச்சில் "சிக்னல்" வருகிறது. இங்கே அது ரோபாட். சரக்கு வண்டி பக்கி. அவள் தமிழே பேசினாலும் இந்தச் சொற்கள் அப்படித்தான் வரும்.

வெஸ்ட்கிளிஃப் வாசகி

சின்னது: 3ஆம் அத்தியாயத்தில் 1978இல் விக்டோரியா தெரு மார்க்கெட்டின் கூம்பு மாடங்களைப் பார்த்து ஆயா வாயைப் பிளக்கிறாள். பழைய மார்க்கெட் 1973இல் எரிந்தது, இந்தக் கட்டடம் 1990இல்தான் திறந்தது. மாடங்களை வெட்டிவிடுங்கள். மசாலாக் கடையில் "மாமியார் மசாலா" பெயரைப் பார்த்து மருமகள் சிரிப்பை அடக்குவதை மட்டும் தயவுசெய்து வெட்டாதீர்கள்.

அடுப்படி

கடைசி அத்தியாயத்துக் கூழுக்கு வருகிறேன். இதில்தான் குடும்பம் ஒட்டுகிறது, இதிலேயே தப்பு இருந்தால் எப்படி?

ஆயா முதல் நாள் ராத்திரி மீலி மாவை (மக்காச்சோள மாவை) கரைத்து வைக்கிறாள், காலையில் "புளித்துப் பொங்கியிருந்தது". ஆடி இங்கே நடுக்குளிர்காலம். ஜூலை ராத்திரியில் வெறும் திண்ணையில் வைத்தால் ஒரே இரவில் அப்படிப் புளிக்காது. இரண்டு ராத்திரி வேண்டும், அல்லது பானையைக் கம்பளியில் சுற்றி அடுப்புப் பக்கம் வைக்க வேண்டும். ஒரு பங்கு மாவுக்கு மூன்று பங்கு தண்ணீர். பழைய கூழில் ஒரு கரண்டி சேர்த்தால் சீக்கிரம் பிடிக்கும். ஆயாவுக்கு இதெல்லாம் தெரியும், மருமகளுக்குத் தெரியாது. அந்த வருஷம் ஆயா அடுப்படிக்கு வரமாட்டேன் என்று இருக்கிறாள், மருமகள் தனியாகக் கரைக்கிறாள். காலையில் மாவு மாவாகவே இருக்கும். சண்டை போட்ட இருவரும் பேசித்தான் ஆக வேண்டும், நூறு பேர் வரப்போகிறார்கள்.

அடுத்தது, கொதிக்கிற தண்ணீரில் மாவைத் தூவுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். கட்டி தட்டும். புளித்த கரைசலைத்தான் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிண்ட வேண்டும், அடி பிடிக்கவிடாமல். வெந்தபின் இறக்கி, ஆறவிட்டுத்தான் மோர். சூட்டிலேயே ஊற்றினால் திரிந்துவிடும். வெங்காயமும் பச்சை மிளகாயும் கடைசியில்.

கைப்பிரதிக்காரர்

அக்கா, மருமகள் மாவை வீணடிக்கிற இடத்தை எடுத்துக்கொள்கிறேன். இருவரும் பேசும் முதல் வார்த்தை என்னவாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். நூறு பேருக்கு என்றால் எந்தப் பாத்திரம்? கோயில் அலுமினிய அண்டாவை எழுதியிருந்தேன்.

அடுப்படி

அலுமினியத்தில் புளிக்க வைக்காதீர்கள். புளிப்பு உலோகத்தைத் தின்னும், கூழ் கறுத்து வாடை வரும். மருமகள் செய்த இரண்டாவது தப்பு அதுவாகவே இருக்கட்டும். முதல் வார்த்தைக்கு வேறெங்கும் போக வேண்டாம், ஆயா அண்டாவுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "எனாமல் பானை எங்கே?" என்று கேட்கட்டும்.